22 முதல் 31 வரை அச்சாகவே இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் சூப்பர் ஹீரோ ஜோடிகள் பற்றி வந்த கட்டுரை, ‘குவாண்டம் அண்ட் வுடி’ காமிக்ஸின் 18 முதல் 31 வரையுள்ள இதழ்கள் ‘கிடைப்பதற்கு அரியவை’ என்கிறது. இதை நம்பித் தேடக் கிளம்புகிறவர்களுக்குக் காசும் காலமும் வீணாகும். 18, 19, 20, 21 ஆகியவை வெளிவந்தவைதான். ஆனால் 22 முதல் 31 வரை அச்சாகவே இல்லை. இல்லாத இதழை எவரும் தேட முடியாது.

எழுத்தாளர் கிறிஸ்டோபர் பிரீஸ்டும் ஓவியர் எம்.டி. பிரைட்டும் 1997இல் அக்லெய்ம் நிறுவனத்தில் இந்தத் தொடரைத் தொடங்கினார்கள். வீடியோ கேம் கம்பெனியான அக்லெய்ம், 1994இல் வாலியன்ட் என்ற காமிக்ஸ் பதிப்பகத்தை வாங்கியிருந்தது. 1998இல் 17ஆம் இதழோடு தொடர் நின்றது. 1999இல் திரும்பி வந்தபோது அட்டையில் இருந்த எண் 18 அல்ல, 32! நடுவில் நிற்காமல் வந்திருந்தால் எந்த எண்ணில் இருக்குமோ அதைப் போட்டு, கதையையும் அந்த இடத்திலிருந்தே சொன்னார்கள். அடுத்த இதழில் மறுபடி 18க்கு வந்தார்கள். கதை 32ஐ எட்டுவதற்குள், 21ஆம் இதழோடு தொடர் முடிந்துவிட்டது.

ஆகவே 17, 32, அதன்பின் 18 முதல் 21 என்று வெளிவந்த வரிசையிலேயே படிப்பது நல்லது. எண் வரிசையில் அடுக்கிப் படித்தால் 21க்குப் பிறகு எதையோ தவறவிட்டதாகத் தோன்றும். பிரீஸ்ட் காட்சிகளை முன்னும் பின்னுமாகக் கலைத்துப்போட்டு, நடுவே கறுப்புக் கட்டத்தில் வெள்ளை எழுத்தில் தலைப்பு வைத்துக் கதை சொல்பவர். இதழும் இடம் மாறினால், தாவுவது கதையா எண்ணா என்று புதியவருக்குப் பிடிபடாது.

கட்டுரை இன்னொன்றையும் விட்டுவிட்டது. எரிக் (குவாண்டம்), வுடி இருவரும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மணிக்கட்டுப் பட்டைகளை ‘க்ளாங்’ என்று மோதிக்கொள்ள வேண்டும். தவறினால் உடல் ஆற்றலாகக் கரைந்துவிடும். ஒத்தே போகாத இருவரைப் பிரியவிடாமல் வைத்திருப்பது அந்த ஒரு விதிதான். அதைச் சொல்லாமல் இந்த ஜோடியை விளக்க முடியாது.

இன்னொரு ஜோடியான ‘பவர் மேன் அண்ட் அயர்ன் ஃபிஸ்ட்’ விஷயத்திலும் எண்தான் குழப்புகிறது. மார்வெல் 1972இல் லூக் கேஜ் என்ற நாயகனின் பெயரில் தொடங்கிய தொடர் 17ஆம் இதழில் ‘பவர் மேன்’ ஆனது. அயர்ன் ஃபிஸ்டின் தனி இதழ் 1977இல் 15ஓடு நின்றது. அவர் பவர் மேன் 48இல் வந்து சேர்ந்தார். 50ஆம் இதழிலிருந்துதான் அட்டையில் இருவர் பெயரும். அந்தப் பழைய தொடரில் கூட்டுப் பெயரில் 1 முதல் 49 வரை இதழே கிடையாது. 1986இல் 125ஓடு அது முடிந்தபோது எழுதியவரும் வரைந்தவரும் இதே பிரீஸ்ட், பிரைட் இணைதான். பிரீஸ்ட் அப்போது ஜிம் ஆவ்ஸ்லி என்ற பெயரில் எழுதினார்.

வாங்குகிறவர்கள் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்க வேண்டாம். பதிப்பகத்தையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். குவாண்டம் அண்ட் வுடிக்கு 1997, 2013, 2017, 2020 என்று நான்கு ‘முதல் இதழ்’கள் உண்டு. 2013இல் ஜேம்ஸ் ஆஸ்மஸும் டாம் ஃபௌலரும் தொடங்கியதில் நாயகர்கள் இருவரும் வளர்ப்பு முறையில் சகோதரர்கள். பழைய கதையின் தொடர்ச்சி அல்ல. தொடர்ச்சி வேண்டுவோருக்கு பிரீஸ்டும் பிரைட்டும் 2014இல் தொடங்கிய ‘கியூ2’ இருக்கிறது. அதில் நாயகர்களுக்கு இருபது வயது கூடியிருக்கும், ஐந்து இதழ்கள். அமெரிக்க இதழ்களின் அட்டையில் உள்ள மாதம், கடைக்கு வந்த மாதத்துக்கு இரண்டு மூன்று மாதம் பிந்தியதாக இருக்கும். பட்டியலுக்குப் பட்டியல் தேதி மாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

22 முதல் 31 வரையுள்ள எண்களை மட்டுமாவது அடுத்த வார இணைப்பில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காமிக்ஸ் வாசகர்