கறிவேப்பிலை போர்டை மாத்துங்க: எங்க ஊர் மூலிகைப் பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா கமிட்டி ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

எந்த போர்டுன்னு நான் விளக்கத் தேவையில்ல, உங்களுக்கே நல்லா தெரியும். நொச்சியும் ஆடாதோடையும் இருக்கற வரிசையில கறிவேப்பிலைக்கு முன்னாடி நிக்குதே, அந்த பச்சை போர்டுதான். கறிவேப்பிலையோட அறிவியல் பேர்ல இருக்கற கோனிக் ஒரு ஆங்கிலேயர்னும், அவர்தான் அந்தச் செடியைக் கண்டுபிடிச்சார்னும் தப்பா சொல்லுதே, அதுதான். மனு குடுத்தாச்சு, நேர்ல வந்து பேசியாச்சு, போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பியாச்சு, நீல டிக்கும் விழுந்துச்சு, அதோட சரி. சின்ன விஷயம்தானே, மெதுவா நடக்கும்னு நானும் பேசாமதான் இருந்தேன். ஆனா போன மாசம் நடந்ததுக்கு அப்புறம் ஊரறிய எழுதுறத தவிர வேற வழி தெரியல, தப்பா எடுத்துக்காதீங்க.

நம்ம வட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு நடுவுல வினாடி வினா வச்சாங்க இல்லையா, அதுல ஒரு கேள்வி, கறிவேப்பிலையோட அறிவியல் பெயர் யாரோட ஞாபகமா வச்சது, அவர் எந்த நாட்டுக்காரர்னு. என்கிட்ட டியூஷன் படிக்கிற ஒன்பதாம் கிளாஸ் பொண்ணு எழுந்து, கோனிக், ஜெர்மன்காரர், இன்னைக்கு லாட்வியான்னு சொல்ற பக்கத்துல பொறந்தவர், தரங்கம்பாடிக்கு டாக்டரா வந்தார்னு முழுசா சொல்லியிருக்கா. தப்புன்னு அடிச்சுட்டாங்க. அவங்க விடைத்தாள்ல இருந்தது "ஆங்கிலேயர்". எங்கேருந்து எடுத்தீங்கன்னு கேட்டா, நம்ம மூலிகைப் பூங்கா போர்டுல இருந்துதான்னு பதில். "பூங்கா போர்டே அப்படித்தான் சொல்லுது, நீ அதைவிட பெரிய ஆளா"ன்னு மேடையிலயே மைக்ல கேட்டிருக்காங்க, ஹால் முழுக்க சிரிச்சிருக்கு. சரியா படிச்சதுக்கு அந்தப் பொண்ணுக்கு கிடைச்ச பரிசு அது. ரெண்டு மார்க் போனது பெருசில்ல, அதுக்கப்புறம் அவ கிளாஸ்ல கை தூக்குறதே இல்ல, அதுதான் எனக்கு ஆறல.

அதனால திரும்பவும் கேக்குறேன், அந்த போர்டை மாத்துங்க.

இதை ஆபீஸ்ல சொன்னப்ப ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே, "எல்லாம் வெள்ளக்காரன்தானே சார், இங்கிலீஷ்காரனா இருந்தா என்ன ஜெர்மன்காரனா இருந்தா என்ன"ன்னார். அப்படியா சரி. அப்போ திறப்புவிழா கல்வெட்டுல பக்கத்து ஊர் பிரமுகர் பேரை செதுக்கிட்டு, எல்லாம் பிரமுகர்தானேன்னு விட்டிருப்பீங்களா? அந்த கல்வெட்டுல ஒரு இனிஷியல் மாறியிருந்தா அன்னைக்கு ராத்திரியே ஆள் வந்து கல்லை பேத்துட்டு போயிருப்பாங்க. பேர் மட்டுமா, பட்டம் பதவி எல்லாம் சுத்தமா பிழையில்லாம இருக்கு, நானே நின்னு படிச்சுப் பாத்தேன்.

உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் படிக்கிறவங்களுக்காக சொல்றேன். யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1728ல லிவோனியாவுல பொறந்தவர், பால்டிக் கடலோரத்து ஜெர்மன்காரர். ஸ்வீடன்ல உப்சாலாவுக்குப் போய் லின்னேயஸ்கிட்டயே நேரா படிச்சவர், அதாவது இன்னைக்கு நாம எல்லா செடிக்கும் ரெண்டு வார்த்தையில பேர் வைக்கிறோமே, அந்த முறையை நிலைநாட்டின மனுஷன்கிட்டயே. அப்புறம் டென்மார்க்ல இருந்தார், 1764, 65ல ஐஸ்லாந்து போய் செடி சேகரிச்சார். அங்க குளிர்ல தரையோட தரையா விரல் உயரத்துக்கு வளர்ற ஒரு குட்டிச் செடி, அதுக்கு லின்னேயஸ் கோனிகியான்னே பேர் வச்சார். அதுக்கப்புறம் அந்த ஆளு நேரா வந்து இறங்கின இடம் எது தெரியுமா, நம்ம தரங்கம்பாடி. 1768. அப்போ தரங்கம்பாடி டென்மார்க்காரங்க கைல இருந்துச்சு, இங்கிலீஷ்காரங்க அதை வாங்கினது 1845லதான். கோட்டையில டேனிஷ் கொடி, மிஷன்ல ஜெர்மன் பாதிரிமார், அவங்களுக்கு டாக்டரா வந்தவர் கோனிக். இதுல எங்க சார் ஆங்கிலேயர் வந்தார்?

வரவே இல்லன்னு நான் சொல்லல, நியாயமா பேசணும். மிஷன் வருமானத்துல செடி தேடி ஊர் ஊரா சுத்த முடியாம 1774ல ஆற்காடு நவாப் முகமது அலிகிட்ட வேலைக்குப் போனார். அந்த நவாபோட கடன் கதை ஊர் சிரிச்ச கதை, அவர்கிட்ட போயா சம்பளத்துக்கு நின்னீங்கன்னு கேக்கத் தோணுது. 1778ல மெட்ராஸ்ல ஈஸ்ட் இண்டியா கம்பெனி அவரை இயற்கை ஆய்வாளரா எடுத்துக்கிச்சு. அந்த வருஷமே கப்பலேறி மலாக்கா, சயாம் (இன்னைக்கு தாய்லாந்து) பக்கம் போய் 1780ல திரும்பினார். இஞ்சி மஞ்சள் குடும்பத்துச் செடிகளை அவர் அங்க பாத்து எழுதின விவரிப்புகளை இன்னைக்கும் அந்தத் துறைக்காரங்க எடுத்துப் பாக்குறாங்க. கம்பெனி இதுக்கெல்லாம் காசு குடுத்தது செடி மேல இருந்த பாசத்துலன்னு யாரும் நம்ப வேணாம், சாயத்துக்கும் மருந்துக்கும் மசாலாவுக்கும் எது லாபம்னு பாக்கத்தான். ஆக கடைசி ஏழு வருஷம் கம்பெனி சம்பளம் வாங்கினார், உண்மைதான். கம்பெனி சம்பளம் வாங்கினவன் எல்லாம் ஆங்கிலேயன்னா, அந்தக் காலத்துல கம்பெனி பட்டாளத்துல இருந்த நம்ம ஊர் சிப்பாய்ங்க எல்லாரையும் ஆங்கிலேயர்னு போர்டு போடலாமே.

எனக்கு இதுல வயிறு எரியறது வேற ஒரு இடத்துல. இந்த மனுஷன் தன் பேர்ல பெரிய புத்தகம்னு ஒண்ணும் போடாமலே போயிட்டார். பதினேழு வருஷம் வெயில்லயும் மழையிலயும் அலைஞ்சு, செடியை அமுக்கி காயவச்சு, குறிப்பு எழுதி, கப்பல்ல ஏத்தி அனுப்பிக்கிட்டே இருந்தார். அனுப்பினது எல்லாம் ஐரோப்பாவுல மேஜை முன்னாடி உக்காந்திருந்தவங்க கைக்குப் போச்சு. லின்னேயஸுக்குப் போச்சு, அவர் மகனுக்குப் போச்சு, ஸ்வீடன்ல லுண்ட் ஊர்ல இருந்த ரெட்ஸியஸ்ங்கற தாவரவியலாளருக்குப் போச்சு. அந்த இஞ்சி குடும்ப விவரிப்பு 1783ல ரெட்ஸியஸோட வெளியீட்டுலதான் வந்துச்சு, ஆர்க்கிட் பத்தி எழுதினது 1791ல, ஆள் செத்து ஆறு வருஷம் கழிச்சு. பூச்சிகளை டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸுக்கு அனுப்பினார், பருத்திக் காயில செக்கச்செவேல்னு கும்பலா ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்த நாவாய்ப் பூச்சிக்கு ஃபாப்ரிசியஸ் 1775ல வச்ச பேர்லயும் கோனிக் இருக்கார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரையான் பத்தி 1779ல ஜெர்மன்ல கட்டுரை எழுதியிருக்கார், கரையானைப் பத்தி! நாம மண்ணெண்ணெய் ஊத்துறதுக்கு மட்டும்தான் அதுங்க பக்கம் திரும்புவோம்.

1785 ஜூன்ல காக்கிநாடா பக்கம் ஜகந்நாதபுரத்துல வயித்துக்கடுப்புல செத்துப்போனார். வயசு 56. கூட இருந்து வைத்தியம் பாத்தவர் ராக்ஸ்பர்க், பின்னாடி இந்தியத் தாவரவியலோட தந்தைன்னு எல்லா பாடத்துலயும் வர்றாரே, அதே ஸ்காட்லாந்துக்காரர். கோனிக் தன்னோட காகிதங்களை எல்லாம் லண்டன்ல இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குன்னு எழுதி வச்சுட்டார், அதுவும் கப்பலேறிப் போயிடுச்சு. வேலை செஞ்சது இங்க, கையெழுத்து கிடக்குறது லண்டன்ல, புகழ் போனது பல ஊருக்கு. இந்த ஆளுக்கு மிச்சம் இருக்கறது சில செடிப் பேர்களோட வால்தான், அதுல நம்ம ஊருக்கு ரொம்ப நெருங்கின ஒண்ணு கறிவேப்பிலை. அதையும் உங்க போர்டு "முரையா கோயிங்கி"ன்னு எழுதி வச்சிருக்கு. கோயிங்கி! அய்யா, பஸ் கண்டக்டர் சொல்ற மாதிரி இருக்கு.

பேர் விஷயத்தையும் சொல்லிடறேன், புது போர்டு போடும்போது குழப்பம் வரக்கூடாது. அவர் தரங்கம்பாடிக்கு வந்து மூணே வருஷத்துல, 1771ல, லின்னேயஸ் பெர்கெரா கோனிகியைன்னு பேர் வச்சார். 1825ல ஸ்ப்ரெங்கல்னு இன்னொரு ஜெர்மன்காரர் அதை முர்ராயா கோனிகியைன்னு மாத்தினார், நாம பள்ளிக்கூடத்துல படிச்சது அது. இப்போ ஆராய்ச்சிக்காரங்க பலபேர் பழையபடி பெர்கெராவுக்கே திரும்பிட்டாங்க. ரெண்டையும் போடுங்க, இடம் பத்தலன்னா ஸ்பான்சர் நகைக்கடை பேரை கொஞ்சம் சின்னதா போட்டுக்கலாம், இப்போ இருக்கற போர்டுல முக்கால்வாசி அதுதான். செடி அந்த எழுத்துக்கு மறைவுல நிக்குது.

அப்புறம் "கண்டுபிடித்தார்"னு ஒரு வரி. கறிவேப்பிலையை யாரு சார் கண்டுபிடிக்கணும்? பெரும்பாணாற்றுப்படையிலயே மாதுளம் பிஞ்சை மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வெண்ணெயில வேகவச்ச சமையல் வருது. கோனிக் பொறக்குறதுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல முன்னாடி. அவர் செஞ்சது அந்தச் செடியை அறிவியல் உலகத்துக்கு எடுத்துட்டுப் போனது, அதை அப்படியே சொன்னா அவருக்கும் மரியாதை நமக்கும் மரியாதை. அவருக்கு இந்த இலையைக் காட்டிக்குடுத்தது யாருன்னு நான் பல நாள் யோசிச்சிருக்கேன், மிஷன் வீட்டு அடுப்படியில இருந்த யாரோ ஒரு அம்மாவாத்தான் இருக்கும். அவங்களுக்கு லத்தீன் பேர் எல்லாம் கிடைக்கல.

சொல்ல வந்தது போர்டைப் பத்தி, ஆனா போர்டோட முடியறதா இருந்தா பரவாயில்லையே. சாயத்துக்கு உதவுற கபிலப்பொடி எடுக்குற மரம் பின்பக்கம் நிக்குது, அதுக்கு போர்டே இல்ல. அதுக்கு ராக்ஸ்பர்க் வச்ச பேர் ராட்லேராவாம், 1776ல தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த ராட்லர் பாதிரியார் ஞாபகமா. ஸ்ட்ராஸ்பர்க்ல பொறந்தவர், செடியும் சேகரிச்சார், தமிழ் அகராதியும் செஞ்சார், 1836ல சென்னை வேப்பேரியில இறந்தார். இப்படி ஒரு கதை இருக்கற மரத்தடியில துடைப்பமும் உடைஞ்ச சறுக்குமரமும் போட்டு வச்சிருக்கீங்க. குழந்தைங்களுக்கு குடிக்க ஒரு குழாய்ல தண்ணி வரல, செயற்கை நீரூற்று மட்டும் அதிகாரிங்க வர்ற அன்னைக்கு ஜோரா பீச்சி அடிக்குது. தூதுவளைக்கு முன்னாடி துளசி போர்டு. நுழைவு வாசல்ல செல்பி எடுக்க பெரிய இதயம். சரி, அதெல்லாம் இன்னொரு மனுவுல வச்சுக்கறேன், இப்போதைக்கு ஒரே ஒரு போர்டு.

அந்த ஒரு போர்டுக்கு நான் அலைஞ்ச கதைதான் உங்களுக்கே தெரியுமே. ஆபீஸ்ல கேட்டா, அது ஸ்பான்சர் வச்சது, அவங்ககிட்ட கேளுங்கன்னாங்க. கடையில கேட்டா, நாங்க காசு குடுத்தோம் அவ்வளவுதான், கான்ட்ராக்டரைப் பாருங்கன்னாங்க. கான்ட்ராக்டர் நல்ல மனுஷன், டீ வாங்கிக் குடுத்து, "மேட்டர் ஆபீஸ்ல குடுத்ததுதான் சார், நாங்க அடிச்சுக் குடுத்தோம், ப்ரூஃப்லயும் கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க"ன்னார். திரும்ப ஆபீஸ்க்கு வந்தா, கையெழுத்துப் போட்டவர் மாறுதல்ல போயிட்டார், புதுசா வந்தவருக்கு எதுவும் தெரியாது, அடுத்த டெண்டர்ல பாக்கலாம்னு பதில். ஒரு வரி தப்பை திருத்த டெண்டர் விடணுமாம். தப்பா அடிக்கும்போது ஒரு ராத்திரியில அடிச்சீங்களே ஐயா, திருத்தறதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சட்டதிட்டம்?

கோவமா எழுதிட்டேன்னு தோணினா மன்னிச்சுக்கோங்க. நான் கோனிக்குக்கு சிலை வைக்கச் சொல்லல, மணிமண்டபம் கேக்கல, தெருவுக்கு பேர் மாத்தச் சொல்லல. அந்த போர்டை மாத்துங்க, அவ்வளவுதான். ஃப்ளெக்ஸ் வேணாம், நம்ம உப்புக் காத்துக்கும் வெயிலுக்கும் ஆறு மாசத்துல வெளுத்துடும், தகரத்துல பெயிண்ட்ல எழுதினா போதும். எழுத ஆள் நான் கூட்டிட்டு வர்றேன், செலவும் நான் ஏத்துக்கறேன், நகைக்கடை பேரை வேணும்னா கீழ ஒரு ஓரமா போட்டுக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. மேட்டர் இதுதான்:

"கறிவேப்பிலை. பெர்கெரா கோனிகியை (வேறு பெயர்: முர்ராயா கோனிகியை). தமிழர் சமையலில் சங்க காலம் முதல் உள்ள இலை. 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த ஜெர்மன் தாவரவியலாளர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கின் நினைவாக 1771இல் லின்னேயஸ் இப்பெயரை இட்டார்."

அரையாண்டு லீவு விட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க நோட்டோட வந்து போர்டு போர்டா பாத்து எழுத ஆரம்பிச்சுடுவாங்க, அதுக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்தீங்கன்னா புண்ணியமா போகும். வினாடி வினா நடத்தினவங்களுக்கும் உங்க லெட்டர்பேட்ல ஒரு வரி எழுதி, விடைத்தாள்ல இருந்தது பிழைன்னு சொல்லிட்டீங்கன்னா, அந்த ரெண்டு மார்க்கை நான் போய் கேட்டு வாங்கிக்கறேன். இந்த தடவை ப்ரூஃப்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு எனக்கு ஒருதடவ காட்டுங்க, நான் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டியூஷன்லதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்க பூங்காவுக்கு தினமும் நடக்க வர்ற ஒரு டியூஷன் வாத்தியார்