படத்தில் இருந்தது கிராம்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பல்வலிக்கு வீட்டு வைத்தியம் சொன்ன கட்டுரைக்கு மேலே 'கிராம்பு' என்று அரைப் பக்கம் வண்ணத்தில் அச்சிட்டிருந்தீர்களே, அது மராட்டி மொக்கு என்னும் செட்டிநாட்டு மசாலா. காரைக்குடி, தேவகோட்டைக்கெல்லாம் கட்டுக்கட்டாக வந்திறங்கும் இதழில் இதைச் செய்யத் தனித் துணிச்சல் வேண்டும். இலவங்கம் என்ற பெயரைப் பார்த்து இலவ மரத்து மொக்கைத் தேடிப் போட்டார்களோ என்னவோ! உருவத்தில் கிராம்புக்கு அண்ணன் மாதிரி இருக்கும்; குழம்புக்கு மணக்கும்; பல்வலிக்கு ஆகாது. வலியை மரக்கச் செய்யும் யூஜினால் என்ற பொருள் கிராம்பில்தான் நிறைய உண்டு. அதிலும் எண்ணெய் எடுத்த சக்கையைக் கலந்து விற்கிறார்கள். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும்; தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும், அல்லது நிமிர்ந்து நிற்க வேண்டும். படுத்து மிதந்தால் அது சக்கை. இதையெல்லாம் தாங்கள் அறியாதவர் அல்லர். அச்சுக்குப் போகுமுன் ஆச்சி ஒருவரிடம் படத்தைக் காட்டியிருக்கலாம்.

படத்தை விடுங்கள். வாய் கொப்பளிக்க 'ஒரு கரண்டி உப்பு' என்று போட்டிருக்கிறீர்களே, எந்தக் கரண்டி? எங்கள் பக்கம் கரண்டி என்றால் சாம்பார் ஊற்றுவது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும். அரை நிமிடம் வலிக்கும் பக்கமாக வைத்திருந்து துப்ப வேண்டும். கிராம்புக்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். சொத்தைக் குழிக்குள் தேங்காய்த் துருவலோ முறுக்குத் துணுக்கோ அடைத்திருந்தால் எந்த மருந்தும் உள்ளே இறங்காது. கொப்பளித்த பிறகு பல்லிடுக்கில் நூல் விட்டு எடுக்கலாம். ஊக்கு, ஊசி வேண்டாம்.

பிறகு கிராம்பு இரண்டைப் பொடித்து நல்லெண்ணெய் இரண்டு சொட்டில் குழைத்து, அரிசி அளவு பஞ்சில் தோய்த்துக் குழியில் வைக்க வேண்டும். ஈறில் அல்ல. பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டுக் கொப்பளிக்கலாம். கடையில் வாங்கிய கிராம்பு எண்ணெய் என்றால் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு மூன்று சொட்டுக்கு மேல் கூடாது. அதை அப்படியே தடவச் சொல்லியிருக்கிறது உங்கள் கட்டுரை. ஈறு வெள்ளையாக வெந்து, பல்வலியோடு புண்வலியும் சேரும். சிறு பிள்ளை அந்த எண்ணெயை ஒரு தேக்கரண்டி விழுங்கினால்கூடக் கல்லீரல் கெடலாம், வலிப்பு வரலாம். இதற்கு ஒரு வரி ஒதுக்க இடமில்லை. எதிர்ப்பக்கத்தில் பற்பொடி விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே இணைப்பில்தான் பூண்டை நசுக்கி இரவு முழுதும் ஈறில் அடக்கச் சொன்னீர்கள். அதுவும் சுட்டுப் புண்ணாக்கும். இன்னொரு முறை, பல்லில் இருக்கும் புழு கண்டங்கத்திரி விதைப் புகையில் விழும் என்றீர்கள். பல்லில் புழு இல்லை என்று பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபொஷார் 1728-இலேயே எழுதிவிட்டார். இனிப்பைத் தின்று கிருமிகள் விடும் அமிலம்தான் பல்லை அரிக்கிறது. மறுப்பு எழுதிய கடிதங்கள் தங்கள் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்போது 'கன்னம் வீங்கினால் வெந்நீர் ஒத்தடம்' என்கிறீர்கள். உள்ளே சீழ் கட்டியிருக்கும்போது சூடு வைத்தால் வீக்கம் கூடும். சில சமயம் கன்னத்தின் வெளிப்பக்கமே உடைத்துக்கொள்ளும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் மேல் கால் மணி நேரம் வைப்பதே சரி. படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறி வலி தெறிக்கும். இரண்டு தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளலாம்.

'வலி நின்றால் பல் குணமாகிவிட்டது' என்ற வரிதான் எல்லாவற்றிலும் மோசம். தெறித்த வலி ஒரே நாளில் தானாக நின்றால், பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்திருக்கும். சீழ் பிறகு சத்தமில்லாமல் வேருக்கு இறங்கும். சீப்புச்சீடை கடித்துப் பல்லில் கீறல் விழுந்தால், கடிக்கும்போதைவிடக் கடியை விடும்போதுதான் சுரீரென்னும்; கிராம்பு அதை ஒட்டவைக்காது. காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், தாடைக்கு அடியில் வீக்கம் இருந்தால் அஞ்சறைப்பெட்டியை மூடிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. இடது தாடை வலியோடு வியர்த்துக் கொட்டினால் அது பல்லே இல்லாமல் இருதயமாகவும் இருக்கலாம். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று கட்டுரையை முடித்திருந்தீர்கள். ஆலங்குச்சி பல் துலக்கத்தான். குழியை அடைக்க அல்ல.

அடுத்த ஞாயிறு நான்கே வரித் திருத்தம் போடுங்கள்: கரண்டியை அரைத் தேக்கரண்டியாக்கி, வெந்நீரை ஐஸாக்கி. கூடவே கிராம்பின் படம், தபால்தலை அளவில் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
பல் மருத்துவமனை உதவியாளர் (ஓய்வு),
காரைக்குடி