கயல்விழியின் படிப்பு குறித்து மாமாவுக்கு எழுதிய கடிதம்

பெர்லின்,
10 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும் கயல்விழியும் நலமாக இருப்பதாகவும், இந்த முறை வைகைத் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டதால் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் எல்லோரும் நிம்மதியாக இருப்பதாகவும் அம்மா சொன்னார்கள். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது.

சென்ற வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு அப்போது என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. கயல் எம்.எஸ்சி. முடித்ததும் என்னைப் போலவே மூளை நோய் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என்றீர்கள். அந்த வேலையில் நிலைத்த வருமானம் உண்டா, எத்தனை வயதில் ஒரு பெண் காலூன்ற முடியும், ஊருக்குத் திரும்பி வர வழி இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்விகள்தாம் இவை. எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். இதை அவளிடமும் படிக்கக் கொடுங்கள்.

முதலில் நான் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்தில் பெரும்பான்மையானவை மூளைக்குச் செல்லும் குழாயில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதால் வருபவை. மற்றவை குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருபவை. நான் முதல் வகையை எலிகளிடம் ஆராய்கிறேன். எலிக்கு முழு மயக்க மருந்து கொடுத்து, உருப்பெருக்கியின் கீழே கழுத்துத் தமனியைத் திறந்து, முனையில் சிலிக்கோன் பூசிய மெல்லிய நைலான் இழையை அதன் வழியே மூளையின் நடுத் தமனி வரைக்கும் செலுத்தி, குறித்த நேரம் அடைத்து வைத்துப் பிறகு இழையை உருவிவிடுவோம். சில எலிகளுக்கு ஆய்வுக்குரிய மருந்தும், சில எலிகளுக்கு வெறும் உப்புநீரும் கொடுக்கப்படும். எதற்கு எது கொடுக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியாது; அந்தக் குறிப்பை என்னுடன் பணிபுரியும் வேறொருவர் பூட்டி வைத்திருப்பார். பின்னர் மூளையை மெல்லிய துண்டுகளாக நறுக்கி ஒரு நிறமற்ற கரைசலில் இட்டு, உடற்சூட்டில் சிறிது நேரம் வைத்தால், உயிருள்ள பகுதி குங்குமம் போலச் சிவந்துவிடும், இறந்த பகுதி வெள்ளையாகவே நின்றுவிடும். அந்த வெள்ளையின் பரப்பை அளப்பதுதான் என் அன்றாட வேலை. மருந்து கொடுத்த எலிகளில் வெள்ளை குறைந்திருக்கிறதா என்று குறிப்பைத் திறந்து பார்க்கும் நாளுக்காகத்தான் மாதக்கணக்கான உழைப்பும்.

திறந்து பார்த்தால் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் வரும். கயல் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் இதுவே தலையாயது என்று நான் கருதுகிறேன். அடைப்பு ஏற்பட்ட மூளையைச் சாகவிடாமல் காக்கும் மருந்து என்று ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்த்தவற்றை மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து 2006ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அந்தத் தொகையில் 1,026 சிகிச்சைகள் இருந்தன. அவற்றுள் 114 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. மூளையின் உயிரணுக்களைக் காக்கும் மருந்து என்று உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சையாக அவற்றிலிருந்து ஒன்றுகூட வந்து சேரவில்லை. எலிகளைக் காத்த மருந்துகள் மனிதரைக் காக்காமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. எலி இளையது, நோயற்றது, அடைப்பு வந்த சில நிமிடங்களிலேயே அதற்கு மருந்து கிடைத்துவிடுகிறது. பக்கவாதம் வந்த மனிதரோ வயது முதிர்ந்தவர், சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உள்ளவர், மருத்துவமனைக்கு வந்து சேரவே மணிக்கணக்கில் ஆகிறது. இவற்றுக்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. 'பலன் இருக்கிறது' என்று வரும் முடிவை இதழ்கள் விரும்பி வெளியிடுகின்றன. அப்படி வெளியானவற்றை வைத்தே ஆராய்ச்சியாளருக்கு அடுத்த வேலை கிடைக்கிறது. பிழைப்புக்காக நல்ல முடிவையே தேடும் ஒருவர் எத்தனை நேர்மையாளராக இருந்தாலும், தம்மை அறியாமல் நல்ல முடிவுக்கே சாய்ந்துவிடக்கூடும். இந்த பெர்லின் நகரிலேயே சாரிட்டே மருத்துவமனையில் பக்கவாத ஆராய்ச்சியில் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்த உல்ரிச் டிர்னாகல் என்ற பேராசிரியர், பின்னாளில் ஆராய்ச்சியின் நம்பகத்தன்மையையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார் என்றால் இந்தச் சிக்கல் எத்தனை ஆழமானது என்று நீங்கள் ஊகிக்கலாம்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. பலன் தரும் என்று முன்பே அச்சில் வந்திருந்த ஒரு மருந்தை, வயதான எலிகளிடமும் சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளிடமும் சோதித்தேன். பலன் இல்லை. அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொள்ள ஓர் இதழ் கிடைப்பதற்குள், அதே காலத்தில் சேர்ந்த தோழிகள் இரண்டாவது கட்டுரைக்குப் போய்விட்டார்கள். அப்போது மனம் வருந்தியது உண்மை. ஆனால் அந்த மருந்தை நம்பி ஒரு நோயாளியின் உடலில் ஏற்றுவதற்கு முன்பே 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்ததே என்பதில் எனக்கு இன்றைக்கும் நிறைவு இருக்கிறது.

'இல்லை' என்பதைத் தாங்கி நின்றவர்களால்தான் இந்தத் துறையில் 'உண்டு' என்பதும் வந்தது. கட்டியைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1995ஆம் ஆண்டு காட்டியது. அதே ஆண்டு, ஆறு மணி நேரம் வரைக்கும் அந்த ஊசியைப் போட்டுப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு, இங்குள்ள ஹைடல்பெர்க் நகரத்து மருத்துவர் வெர்னர் ஹாக்கே தலைமையில் நடந்தது, எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. 1998ஆம் ஆண்டு வந்த இரண்டாவது ஆய்வும் கைவிட்டது. அவர்கள் அதோடு நிறுத்திவிடாமல், எந்த நேரத்துக்குள், எப்படிப்பட்ட நோயாளிக்கு என்று கேள்வியைச் சுருக்கிச் சுருக்கி, 2008ஆம் ஆண்டு 821 நோயாளிகளிடம் நடந்த மூன்றாவது ஆய்வில், நான்கரை மணி நேரம் வரைக்கும் பலன் உண்டு என்று நிறுவினார்கள். இடையில் ஓடியவை பதின்மூன்று ஆண்டுகள். ஓர் ஆராய்ச்சியாளரின் நல்ல வயது அத்தனையும் இப்படி ஒன்றரை மணி நேரத்தைச் சம்பாதிப்பதில் போய்விடலாம். பெரிய குழாய் அடைப்புக்குத் தொடை வழியே குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை உறுதிப்பட்டது 2015ஆம் ஆண்டில். தகுந்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைக்கும் அது உதவும் என்று தெரிந்தது 2018ஆம் ஆண்டில்.

இந்த ஒன்றரை மணி நேரத்தின் மதிப்பு நம் குடும்பத்துக்குத் தெரியாதது இல்லை. தாத்தாவுக்கு வாய் கோணிக் கை விழுந்த அன்று, புறா இரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று பெரியவர்கள் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும்போது மறுநாள் ஆகிவிட்டது. பெரிய குழாய் அடைபட்ட ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இங்கே பெர்லினில் தீயணைப்புத் துறையின் 112 எண்ணுக்கு அழைத்து அறிகுறியைச் சொன்னால், சி.டி. ஸ்கேன் கருவியையே உள்ளே வைத்துக் கட்டிய ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வண்டிக்குள்ளேயே ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். உலகிலேயே முதன்முதலாக இதே நாட்டில் ஹோம்பர்க் என்ற சிறிய ஊரில்தான் 2008ஆம் ஆண்டு இப்படி ஒரு வண்டி ஓடத் தொடங்கியது. அந்த வண்டி தெருவில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் தாத்தாவின் நினைவு வருகிறது.

இனிப் பிழைப்பைப் பற்றி. இங்கே பிஎச்.டி. மாணவருக்குக் கட்டணம் கிடையாது. அவரையும் பணியாளராகவே வைத்து, பெரும்பாலும் முழுச் சம்பளத்தில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோ கொடுக்கிறார்கள். சிக்கனமாக இருந்தால் அதில் காலம் தள்ளலாம். பட்டம் பெற்று போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர், ஆனபின் முழுச் சம்பளம் கிடைக்கும். ஆனால் எல்லாமே ஒப்பந்த வேலை. பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகள், பின் ஆறு ஆண்டுகள், மருத்துவத் துறையில் மட்டும் ஒன்பது என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. குழந்தை பிறந்தால் ஒரு குழந்தைக்கு இரண்டு ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கிறார்கள். அதற்குள் நிரந்தரப் பதவி கிடைக்காவிட்டால், வெளியிலிருந்து நிதி பெற்று நடக்கும் திட்டங்களில்தான் இடம் தேட வேண்டும். நிரந்தரப் பதவிகளோ மிகக் குறைவு. 2021ஆம் ஆண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுவதும் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். எங்களைப் போன்ற வெளிநாட்டவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. வேலை ஒப்பந்தத்தின் தேதியை ஒட்டியே தங்கும் அனுமதியும் அமைவதால், ஒப்பந்தம் முடியும் காலம் நெருங்கினால் ஆய்வில் மனம் ஒன்றாது. குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊரில் அந்த மாதங்களைக் கடப்பது கடினம். பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பியிருக்கும் முருகன் கோயிலுக்குப் போய் நாலு தமிழ் முகங்களைப் பார்த்துவிட்டு வந்தால்தான் மனம் தெளிகிறது.

இத்தனையையும் கேட்டுவிட்டு, ஆராய்ச்சிக்கு வெளிநாடுதான் வர வேண்டுமா என்று கேட்பீர்கள். கட்டாயம் இல்லை என்பதே என் கருத்து. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதற்கு மேல் 42,000 ரூபாயும் உதவித்தொகை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் ஆகிய ஆய்வு நிறுவனங்கள் தரத்தில் குறைந்தவை அல்ல. நம் நாட்டில் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகளும் உள்ளன. பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அழைத்து வந்தபின் பயிற்சி கொடுப்பது நம்மிடம் மகளோ மனைவியோதானே? அந்தக் குடும்பத்தாருக்கே முறையாகக் கற்றுக்கொடுத்தால் நோயாளி கூடுதலாகத் தேறுவாரா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் போன்றவர்கள் அதில் முன்னின்றார்கள். 2017ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு, கூடுதல் பலன் இல்லை என்பது. எல்லோரும் பலன் இருக்கும் என்று விரும்பிய ஒன்றை, இல்லை என்று உள்ளபடி உலகத்துக்குச் சொன்ன அந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் அதோடு ஓயவும் இல்லை. அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டு இன்னும் பல மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வர முடியுமா என்ற கேள்விக்கு விடை நம் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூரில் 1949ஆம் ஆண்டு நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, கனடாவின் மொன்றியல் நகரில் பயின்று திரும்பியவர். நாகமலைக்கு அருகில் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால்களை வைத்து உடலின் காலக் கணக்கை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், இதே ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பணியாற்றிவிட்டு வந்தவர். வௌவால் ஆராய்ச்சிக்கு மதுரைக்குத் திரும்ப முடிந்ததென்றால் பக்கவாத ஆராய்ச்சிக்கு ஏன் முடியாது?

கயலுக்கு நான் சொல்ல விரும்புவது இவைதாம். எந்த நாடு என்பதைவிட எந்த வழிகாட்டி என்பதை அவள் முதலில் பார்க்க வேண்டும். ஓர் ஆய்வுக்கூடத்தில் சேருமுன், அங்கே பலன் தராத முடிவுகளை என்ன செய்கிறார்கள், வெளியிடுகிறார்களா, அலமாரியில் வைத்துவிடுகிறார்களா என்று தயங்காமல் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம். உயிர்வேதியியலோடு புள்ளியியலையும் இப்போதே நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். பேராசிரியர் பதவி அமையாவிட்டாலும் மருந்து ஆய்வுகளை நடத்தும் நிறுவனங்களிலும் மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகளிலும் அந்தக் கல்வி அவளைக் கைவிடாது. திருமணப் பேச்சை அவசரப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; அத்தை என்மீது கோபம் கொள்ளாமல் இருக்க வேண்டும்.

அவளுடைய எம்.எஸ்சி. ஆய்வறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு மாலை நேரம் ஆகும்போது அவளோடு விரிவாகப் பேசுகிறேன். பிரஷர் சரியாகிவிட்டது என்று நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டதாக அம்மா சொன்னார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது சரியாக இருக்கிறது, மாமா. பக்கவாதத்துக்கு முதற்பெரும் காரணம் இரத்தக்கொதிப்புதான். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் நாளைக்கே அளவு பார்த்து, மருத்துவரிடமும் ஒருமுறை காட்டி, மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். அளவு எவ்வளவு என்று கயலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள மருமகள்,
செல்வி