அந்த விகிதத்தில் நீ எங்கே இருக்கிறாய்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாட்டில் வேலையின்மை விகிதம் குறைந்துவிட்டதாகச் செய்தி வந்த அதே வாரத்தில் உன் விண்ணப்பம் மறுபடியும் நிராகரிக்கப்பட்டதையும், "எல்லோருக்கும் வேலை கிடைக்கும்போது எனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் குறை என்னிடம்தானே இருக்க வேண்டும்" என்றும் எழுதியிருந்தாய். உழைப்பாளர் கணக்கெடுப்புக்காகப் பல ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். அந்த விகிதம் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லாமல் உன்னை அப்படி நினைக்க விட எனக்கு மனம் வரவில்லை.

கடந்த ஏழு நாள்களில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்பதுதான் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி. ஆம் என்றால் அவர் வேலையில் இருப்பவர். இல்லை என்றால், கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடினீர்களா, கிடைத்தால் உடனே சேர முடியுமா என்று கேட்போம். இரண்டுக்கும் ஆம் என்றவர் மட்டுமே வேலையற்றவர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூட்டிய புள்ளியியல் மாநாடு 1982-இல் வகுத்து, 2013-இல் திருத்திய இந்த வரையறையைத்தான் பெரும்பாலான நாடுகள் சிறுசிறு மாற்றங்களுடன் பின்பற்றுகின்றன.

ஒரு வீட்டை என்னால் மறக்க முடியாது. அங்கே இருந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டு ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. முந்தைய சுற்றில் "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றவர், அந்த முறை தரையைப் பார்த்தபடி, "இனி யார் எடுக்கப்போகிறார்கள், விட்டுவிட்டேன் அம்மா" என்றார். வேலையற்றோர் கட்டத்தில் இருந்தவரை, உழைப்பாளர் படைக்கு, அதாவது வேலையில் இருப்போரும் வேலையற்றோரும் சேர்ந்த தொகுதிக்கு, வெளியே இருப்போர் கட்டத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். உழைப்பாளர் படையில் நூறு பேர் இருந்து அவர்களில் பத்துப் பேருக்கு வேலை இல்லையென்றால் விகிதம் 10 சதவீதம். அந்தப் பத்துப் பேரில் இருவர் சோர்ந்து தேடுவதை நிறுத்திவிட்டால், ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்காமலேயே அது 8 சதவீதத்துக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். விகிதம் பொய் சொல்வதில்லை. ஆனால் அதனிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும்.

உன்னையே எடுத்துக்கொள். சனிக்கிழமைகளில் பணம் பெற்றுக்கொண்டு மூன்று மணி நேரம் மொழிபெயர்த்துக் கொடுக்கிறாய் அல்லவா? அந்தக் கணக்கில் நீ வேலையற்றவளே அல்ல.

காலியிடங்கள் இருக்கும்போதே வேலை தேடுவோரும் இருப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். இதை ஆராய்ந்ததற்காகத்தான் 2010-இல் டயமண்ட், மோர்டென்சன், பிஸ்ஸரைட்ஸ் மூவருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. தானியச் சந்தையைப் போல விலை படிந்தவுடன் சரக்கு கைமாறும் இடமல்ல வேலைச் சந்தை. ஆளைத் தேடி வேலையும் வேலையைத் தேடி ஆளும் அலைகின்றன. இடம், திறமை, நேரம் எல்லாம் பொருந்திவர நாளாகும். பொருளாதாரம் நன்றாக இருக்கும் காலத்திலும் இந்தக் காத்திருப்பு இருக்கும். தேவை சரியும் காலத்தில் அது பல மடங்கு நீளும். ஒரு தொழிலே தேய்ந்துபோனால், வேறு திறமையைக் கற்காமல் காத்திருப்பதில் பயனில்லை. நீ வேலை தேடும் இந்த ஐந்து மாதத்தில் இவற்றில் எது எவ்வளவு என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பாதிச் சம்பளத்துக்கே வரத் தயார் என்று எழுதியும் பதில் இல்லை என்பது உன்னை மிகவும் புண்படுத்தியிருக்கிறது. ஆனால் கூலி குறைந்தால் ஆள் எடுப்பார்கள் என்பது பாதி உண்மைதான். 1913-இல் ஃபோர்டு கார் ஆலையில் சேர்ந்தவர்கள் நிலைக்காமல் போய்க்கொண்டே இருந்ததால், சுமார் 14,000 பேர் கொண்ட ஆலையை நடத்த அந்த ஓராண்டில் 50,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் வருமானத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கி 5 டாலர் என்று அறிவித்த பிறகு விலகுவோர் வெகுவாகக் குறைந்தார்கள். மலிவாக வருபவர் வேறிடம் கிடைத்ததும் போய்விடுவார் என்ற அச்சம் இன்றைய முதலாளிகளுக்கும் உண்டு. ஆகவே உன் மதிப்பை நீயே பாதியாக்கி எழுதாதே. சம்பளம் பேசும்போதும் தொகையை மட்டும் பார்க்காமல், விலைவாசி ஏற்றத்துக்குப் பிறகு அது எதை வாங்கும் என்று பார். பணவீக்கம் 6 சதவீதமாக இருக்கும்போது 4 சதவீத உயர்வு என்பது வெட்டுதான்.

எந்தெந்த வேலைகளுக்கு விண்ணப்பித்தாய், எதில் நேர்காணல் வரை போனாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. இருவரும் சேர்ந்து பார்ப்போம். கணக்கெடுக்க யாராவது உன் கதவைத் தட்டினால், இன்னும் கூடுதல் நேரம் வேலை செய்ய விருப்பமா என்றும் கேட்பார்கள். தயங்காமல் ஆம் என்று சொல். அந்தக் கட்டத்திலாவது நீ பதிவாக வேண்டும்.

அன்புடன்,
அம்மா