ஒரு சிரட்டை கறுப்பு மணல்

நாகர்கோவில்
ஆனிக் கடைசி

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. ஆறு, ஏழு, எட்டு வகுப்பு மூன்றையும் சேர்த்து உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. முசிறிப் பக்கம் வெயில் இன்னும் இறங்கவில்லை என்கிறாய். இங்கே சாரல் விட்டு விட்டுப் பெய்கிறது, வகுப்பறையில் சாக்பீஸ்கூட நமுத்துப் போகிறது. இந்த வாரம் இங்கே என்ன பாடம் ஓடுகிறது, பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு, நேரே அதற்கே வருகிறேன்.

ஆறாம் வகுப்பு அறிவியலில் கலவைகளைப் பிரித்தல். தூற்றுதல், சலித்தல், கையால் பொறுக்குதல், தெளியவைத்து இறுத்தல் இதெல்லாம் பிள்ளைகள் வீட்டு அடுக்களையிலேயே பார்த்தவை. ஒரு பாடவேளைக்கு மேல் செலவழிக்காதே. நேரத்தைக் காந்தப் பிரிப்புக்கு வைத்துக்கொள். மணலில் இரும்புத்தூளைக் கொட்டிக் கலக்கி, அதே இரும்புத்தூளை மறுபடி எடுத்துக் காட்டுவதில் பிள்ளைகளுக்கு என்ன சுவாரசியம்? கலந்ததே நாம்தானே என்று நினைக்கும். இயற்கையே கலந்துவைத்த கலவை நம்ம கடப்புறத்தில் கிடக்கிறது. மணவாளக்குறிச்சிப் பக்கம் அலை ஏறி இறங்கிய இடத்தில் கறுப்புக் கறுப்பாக வரி விழுந்திருக்குமே, அதுதான்.

செய்முறை இது. ஒரு சிரட்டை மணல் போதும். நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈர மணல் எதில் வேண்டுமானாலும் ஒட்டும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் "காந்தம் இழுத்தது" என்று எழுதிவிடும். இந்தச் சாரலில் வெயிலை நம்ப முடியாது, இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் ஐந்து நிமிடம் புரட்டினால் காய்ந்துவிடும். ஆறிய பிறகு ஒரு காகிதத்தில் மெலிதாகப் பரப்பி, காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டு மேலே நகர்த்து. பை ரொம்ப முக்கியம். வெறும் காந்தத்தை மணலில் விட்டால், ஒட்டிய பொடியை அன்று முழுக்கச் சுரண்டினாலும் போகாது. பையோடு எடுத்து, இன்னொரு காகிதத்தின் மேல் பிடித்து, காந்தத்தை மட்டும் வெளியே உருவினால் பொடி தானாக உதிரும்.

பழைய ஸ்பீக்கர் காந்தம் கொஞ்சம்தான் இழுக்கும். அதில் வருவது பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது. கறுப்பு மணலில் அதிகம் இருப்பது இல்மனைட், அதன் காந்தத்தன்மை பலவீனமானது. விரல்நக அளவு நியோடிமியம் காந்தம் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் அதுவும் வரும், கூடவே சிவப்பான கார்னெட்டும் வரும். எவ்வளவு இழுத்தாலும் வெள்ளை மணலும், சிர்க்கான், ரூட்டைல் என்ற கனிமங்களும் காகிதத்திலேயே கிடக்கும். இங்கே பிள்ளைகள் எழுதும் பெரிய தப்பு, "கறுப்பாக வந்தது இரும்பு" என்பது. இரும்பாக இருந்தால் உப்புக் காற்றில் இந்நேரம் துருவாகிப் போயிருக்கும் என்று ஒரு கேள்வி போட்டுப் பார், யோசிப்பார்கள். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டேனியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த சேர்மம். கலவை வேறு, சேர்மம் வேறு என்ற பின்னால் வரும் பாடத்துக்கு இங்கேயே விதை போட்டதாகிவிடும்.

மணவாளக்குறிச்சியில் கடல்மணலைப் பிரிக்கும் ஆலையிலும் இதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள். காந்தத்தோடு விடாமல், மின்சாரம் கடத்துகிற மணல்மணி எது, கடத்தாத மணல்மணி எது என்று மின்புலத்தை வைத்தும் பிரிக்கிறார்கள். இல்மனைட்டும் ரூட்டைலும் கடத்தும். சிர்க்கான், மோனசைட், சிலிமனைட் கடத்தாது. நம்ம கடப்புறத்தில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்த கதை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டார். கயிற்றோடு போன மணல்!

ஒரு எச்சரிக்கை. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. ஒரு சிரட்டை மணலை ஒரு பாடவேளை கையாளுவதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் ஊதி விளையாட விடக் கூடாது, முடிந்ததும் கை கழுவ வேண்டும், மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட வேண்டும். பள்ளி அலமாரியில் பாட்டில் பாட்டிலாகச் சேர்த்து வைக்கிற வழக்கம் வேண்டாம். உனக்குப் பார்சல் அனுப்பச் சொல்லாதே, அது சட்டப்படியும் வம்பு. உன் ஊர்க் காவிரி மணலிலேயே காந்தத்தில் ஒட்டும் கறுப்புப் பொடி கொஞ்சம் கிடைக்கும், அதை வைத்துப் பாடத்தை முடித்துவிடலாம்.

கடல்நீரிலிருந்து உப்பு எடுப்பதும் இதே பாடத்தில் வருகிறது. கணக்கைச் சொல்லிவிட்டே தொடங்கு: 1 லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு, அப்படியானால் 200 மில்லிக்கு 7 கிராம். வடிகட்டிவிட்டுக் காய்ச்ச வேண்டும். கடைசி இரண்டு கரண்டி நீர் இருக்கும்போது தீயைக் குறைக்காவிட்டால் உப்பு தெறித்து வெளியே போய்விடும், பிறகு 4 கிராம்தான் இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்கும். 9 கிராம் வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். இந்த உப்பு மறுநாள் கசிந்து கிடக்கும், நாக்கில் வைத்தால் கசக்கும். இரண்டுக்கும் காரணம் மக்னீசியம் உப்புகள். உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மிச்ச நீரை வடித்து வெளியேற்றிவிடுகிறார்கள், அதனால் அந்தக் கசப்பு பெரும்பாலும் நீரோடு போய்விடுகிறது. இங்கே உப்பளம் உள்ள புத்தளம் பக்கத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் இதை அந்தப் பிள்ளையையே சொல்லவிடலாம். நம்மைவிட நன்றாகச் சொல்லும்.

ஏழாம் வகுப்புக்கு அடர்த்தி. அதே கறுப்பு மணல் இங்கேயும் உதவுகிறது, அதனால்தான் சிரட்டையைக் கீழே வைக்காதே என்கிறேன். நிறையைப் பருமனால் வகுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் தேர்வில் பாதிப்பேர் தலைகீழாக வகுக்கிறார்கள். அலகை முதலில் எழுதவைத்தால் இது குறையும். கிராம் மேலே, கன சென்டிமீட்டர் கீழே என்று அலகே வழி காட்டும்.

பெரிய சிக்கல் மணலின் பருமனை அளப்பதில். 50 மில்லி கோடு வரை காய்ந்த மணலைக் கொட்டி "பருமன் 50" என்று எழுதுகிறார்கள். மணிகளுக்கு நடுவில் கிடக்கும் காற்றையும் சேர்த்துத்தான் அந்த 50. நம்பாவிட்டால், அந்த மணலின் மேல் 50 மில்லி தண்ணீர் ஊற்றச் சொல். மொத்தம் 100க்கு வராது, 80 பக்கத்தில் நிற்கும். காணாமல் போன 20 மில்லிதான் காற்று இருந்த இடம். பிள்ளைகள் வாயைப் பிளக்கும் இடம் இது.

ஆகவே சரியான முறை: 100 மில்லி அளவு ஜாடியில் 50 மில்லி தண்ணீர். 60 கிராம் மணலை எடைபோட்டு, காகிதத்தைப் புனல் மாதிரி மடக்கி மெல்லக் கொட்டு. ஜாடியைப் பைய தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்று. நீர்மட்டம் வளைந்திருக்கும், வளைவின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் படிக்க வேண்டும். சாதாரண வெள்ளை மணலுக்கு மட்டம் 72 அல்லது 73க்கு வரும், அடர்த்தி 2.6 பக்கம். அதே 60 கிராம் கறுப்பு மணலுக்கு 65 பக்கத்தில் நின்றுவிடும், அடர்த்தி ஏறக்குறைய 4. சுத்தமான இல்மனைட் 4.7 வரை போகும், நமக்கு வருவதில் வெள்ளை மணலும் கலந்திருப்பதால் குறைகிறது. வெள்ளை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அடர்த்தி ஏறும். சமையலறைத் தராசு ஒரு கிராம் அங்கே இங்கே காட்டும், அதனால் 10 கிராம் 15 கிராம் என்று சிறிதாக எடுத்து ஏமாறாதே.

இப்போது கடப்புறத்தில் ஏன் கறுப்பு வரி விழுகிறது என்று கேள். அலை திரும்பும்போது இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகிறது, கனத்தது தங்கிவிடுகிறது. இதை ஒரு தட்டில் மணலும் தண்ணீரும் வைத்துச் சுழற்றி இறுத்தாலே காட்டிவிடலாம். ஆறாம் வகுப்பில் படித்த தெளியவைத்து இறுத்தல் இங்கே மறுபடி வருகிறது பார்.

குலசேகரம், திருவட்டாறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு உதாரணம் உண்டு. ரப்பர் பால் வாங்கும் இடத்தில் மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசு, அதன் அடர்த்தி 0.92. ரப்பர் அதிகமுள்ள பாலில் கருவி ஆழமாக இறங்கும், தண்ணீர் ஊற்றிய பாலில் மேலே ஏறி நிற்கும். அடர்த்தி தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது என்று பிள்ளைகளே சொல்லும்.

ஏழாம் வகுப்புக் கணக்கில் முழுக்கள். "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்ற வாய்ப்பாடுதான் இதில் விஷம். பெருக்கலுக்கு உரியதைக் கூட்டலிலும் போட்டு −5 − 3 = +8 என்று எழுதுகிறார்கள். பெருக்கல் வரும்வரை அந்த வாய்ப்பாட்டைப் பற்றி வாயே திறக்காதே. எண்கோட்டை நிமிர்த்தி வைத்து, நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையைக் காட்டு. அணையின் உச்சம் 25 அடி. கோடையில் நீர் பூஜ்யக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பேப்பரில் "மைனஸ் 8 அடி" என்று போடுவார்கள், பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். −8இல் இருந்து 3 அடி ஏறினால் −5. இன்னும் 2 அடி இறங்கினால் −7. மட்டம் −8இல் இருந்து 4க்கு வந்தது, எத்தனை அடி ஏறியது? 12 என்று விரலால் எண்ணிவிடுவார்கள். அதையே 4 − (−8) = 12 என்று பலகையில் எழுதினால், குறைக்குள் குறை ஏன் கூட்டலாகிறது என்று விளக்கமே தேவைப்படாது. உனக்கு முக்கடல் இல்லை, முசிறியில் ஒரு கிணற்றுச் சுவரை வைத்துக்கொள்.

எட்டாம் வகுப்பு வரலாற்றில் ஐரோப்பியர் வருகை. டச்சுக்காரரையும் டேனியரையும் குழப்புவதுதான் வழக்கமான தப்பு. டச்சு என்றால் ஒல்லாந்தர், அவர்கள் கம்பெனி 1602. டேனியர் டென்மார்க்குக்காரர், தரங்கம்பாடி. நமக்குக் குளச்சல் இருப்பதால் ஒல்லாந்தர் மறப்பதில்லை. 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை அங்கே அவர்களைத் தோற்கடித்தது, சிறைப்பட்ட ஒல்லாந்தத் தளபதி டி லனாய் பிறகு அதே திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார், 1777இல் இறந்து புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கிறது. இதைச் சொன்னால் போதும், ஆண்டுகளைத் திணிக்காதே.

எட்டாம் வகுப்புத் தமிழில் எழுத்துகளின் பிறப்பு. எனக்கு இந்த வாரத்தில் பிடித்த பாடம் இதுதான், பலரும் மனப்பாடத்தில் கொன்றுவிடுகிறார்கள். மார்பு, கழுத்து, மூக்கு, தலை என்பது இடப்பிறப்பு; நாக்கும் பல்லும் உதடும் அண்ணமும் (மேல்வாய்) செய்வது முயற்சிப் பிறப்பு. இரண்டையும் ஒரே நாளில் சொன்னால் கட்டாயம் குழம்பும். மெல்லினத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு "அம்மா" சொல்லச் சொல், "அப்பா" மாதிரி அடைபடும். அதோடு முதல் நாளை முடி.

இரண்டாம் நாள் ல, ள, ழ, ற. கோக்கோத்தூளைத் தண்ணீரில் குழைத்து, அவரவர் விரலால் நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் நுனியின் அடிப்பக்கத்திலும் தடவிக்கொள்ள வேண்டும். "ஆள" என்று ஒரே தடவை சொல்லி, எச்சில் விழுங்காமல் அண்ணாந்து வாயைத் திறந்தால், பக்கத்துப் பிள்ளை டார்ச் அடித்து அண்ணத்தில் கறை எங்கே விழுந்தது என்று பார்க்கலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு "ஆல", பிறகு "ஆழ". ஆ, அ இரண்டுக்கும் நாக்கு நுனி மேலே போகாது என்பதால் கறை அந்த மெய்யுடையது மட்டும்தான். லகரக் கறை பல்லுக்குப் பக்கத்தில் விழும், ளகரக் கறை பின்னால் தள்ளி விழும், ழகரத்துக்கு நடு அண்ணத்தில் கறையே இருக்காது அல்லது இலேசாக இருக்கும். பாடத்தில் ழகரத்துக்கு நாக்கு "வருட" என்று போட்டிருப்பதன் பொருள் அப்போது விளங்கும். நாக்கின் அடியில் தடவ மறந்தால் ளகரத்துக்கும் கறை விழாது, பாடம் பொய் என்று சொல்லிவிடுவார்கள்.

றகரத்தில் நம்ம ஊர் பிள்ளைகளுக்கு ஒரு லாபம். நுனிநாக்கு அண்ணத்தை "நனி" உற்றால் ற், ன் பிறக்கும் என்கிறது நன்னூல். நனி என்றால் நன்றாக, அழுத்தி. விளவங்கோடு, கல்குளம் பக்கம் "காற்று" என்பதில் வரும் இரட்டை றகரத்தை அப்படித்தான் சொல்கிறார்கள், நாக்கு பல் ஈறில் ஒட்டி விடுபடும். உன் பிள்ளைகள் அதைக் "காத்து" என்றோ "காற்ற்ரு" என்று உருட்டியோ சொல்லும். உருட்டினால் நாக்கு நனி உறவில்லையே என்று கேட்டுப் பார். நம்ம பேச்சை மலையாளம் கலந்தது என்று கேலி செய்கிறவர்களுக்கு இந்த ஒரு நூற்பாவைக் காட்டலாம், மக்கா.

அடுத்த வாரம் ஏழாம் வகுப்புக்கு உன் காவிரி மணல் ஒரு கிலோ தேவைப்படும். கழுவாமல் காயவைத்து அனுப்பு, கழுவினால் இலேசானது போய்க் கலவையின் அளவு மாறிவிடும். 60 கிராமுக்கு உனக்கு மட்டம் எங்கே நின்றது என்று அதோடு ஒரு தாளில் எழுதி வை. இங்கே பிள்ளைகள் முதலில் ஊகித்துவிட்டு, பிறகு அளந்து பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்