புரோஸ்டேட் புற்றுநோயில் மரபணு இணைவு: பரம்பரைப் பயம் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு 'மரபணு இணைவு' (இரு மரபணுக்கள் இடம் மாறி ஒட்டிக்கொள்வது) காரணம் என்று செய்தி வரும்போதெல்லாம், அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கும் வந்துவிடும் என்று குடும்பங்கள் கலங்கிப்போகின்றன. இந்த இணைவு பிறவியில் வருவதில்லை. சுரப்பியின் ஏதோ ஒரு செல்லில் பிற்பாடு நேர்ந்து, அந்தச் செல்லிலிருந்து பெருகும் செல்களில் மட்டும் இருக்கிறது.

2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழு இதைக் கண்டறிந்தது. 21ஆவது குரோமோசோமில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2, இ.ஆர்.ஜி. என்ற இரு மரபணுக்கள் சுமார் 30 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி இருக்கின்றன. முன்னது ஆண் ஹார்மோனின் சொல்படி புரோஸ்டேட்டில் எப்போதும் இயங்குவது. பின்னது அங்கே சுரப்பிச் செல்களில் அடங்கிக் கிடக்க வேண்டியது. ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஹார்மோன் ஏற்பி டி.என்.ஏ.வில் போய் அமரும்போது இரு மரபணுக்களும் பக்கத்தில் வந்துவிடுகின்றன. அப்போது டி.என்.ஏ. இழையில் விழும் முறுக்கை அவிழ்க்க டோபோஐசோமரேஸ் 2பி என்ற நொதி இழையை வெட்டுகிறது. வெட்டிய முனைகள் மாறி ஒட்டினால், பல கட்டிகளில் நடுத்துண்டே காணாமல் போய், முன்னதன் சுவிட்ச் இ.ஆர்.ஜி.க்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதன்பின் ஹார்மோன் சுரக்கச் சுரக்க இ.ஆர்.ஜி. புரதமும் குவிகிறது, செல் தன் எல்லையை மீறிப் பரவும் குணம் பெறுகிறது.

இது மட்டுமே புற்றுநோயை உண்டாக்கிவிடாது. எலிகளில் இ.ஆர்.ஜி.யை மட்டும் கூட்டியபோது பெரும்பாலும் ஆரம்பநிலை மாற்றங்களோடு நின்றது, பி.டி.இ.என். என்ற காவல் மரபணுவும் பழுதானபோதுதான் புற்றுநோய் முற்றியது.

இந்த இணைவைக் கண்டுபிடிக்க, பயாப்சி திசுவில் இ.ஆர்.ஜி. புரதத்தைக் காட்டும் சாயம் போடுகிறார்கள். ரத்தக்குழாய்களின் உட்சுவரில் இந்தப் புரதம் இயல்பாகவே உண்டு. குழாய்ச் செல்களே சாயம் ஏற்கவில்லை என்றால் சோதனை பிசகிவிட்டது. அந்த 'நெகட்டிவ்' முடிவை நம்பக் கூடாது. சோதனை சரியாக நடந்து நெகட்டிவ் வந்தாலும் புற்றுநோய் இல்லை என்று ஆகாது: ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளிலேயே ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் இந்த இணைவு இருக்கிறது, கிழக்காசியர்களிடம் இன்னும் குறைவு.

குடும்ப வழி ஆபத்தை அறிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது பி.ஆர்.சி.ஏ.2 போன்ற மரபணுக்களில் உள்ள பிறவி மாற்றங்களை. அதற்கு ரத்தம் அல்லது உமிழ்நீர் போதும். அப்பாவின் பயாப்சி அறிக்கையில் 'இ.ஆர்.ஜி. பாசிட்டிவ்' என்று இருப்பதை மட்டும் வைத்து மகன் மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. கட்டியில் நேரும் இணைவு, பிறவி மாற்றம் ஆகிய இரண்டையும் பிரித்து எழுதும்படி உங்கள் மருத்துவப் பக்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயியல் மருத்துவர் ஒருவர்