பல நோயும் பல் நோயும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ பேசிய வேகத்தில் பாதிதான் காதில் ஏறியது. இதுவரை யாராலும் படிக்க முடியாத எழுத்தில் இருக்கும் வாய்னிச் சுவடியில் முப்பது சொல்லுக்குப் பொருள் கண்டுவிட்டேன், அதில் பதினொன்று தமிழ் போலவே இருக்கிறது என்றாய். யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் அந்தப் பக்கங்களை நானும் நாலு நாளாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் தெரியாத செடிகள், நட்சத்திர வட்டங்கள், பச்சைத் தண்ணீரில் குளிக்கும் பெண்கள். கண்ணெரிச்சல்தான் மிச்சம்.

எனக்கு முதலில் பட்டது அடித்தல் திருத்தல் இல்லாததுதான். முப்பத்தோரு வருடம் புரூஃப் பார்த்தவனுக்கு வேறு எது தெரியும்? சுமார் 240 பக்கம், கன்றுத்தோலில் எழுதியது. தோலில் பிழை வந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அந்தத் தழும்பு போகாது. இங்கே அது அபூர்வம். கை எங்கும் தயங்கவில்லை. பக்கத்தில் நல்ல படி ஒன்றை வைத்துக்கொண்டு பெயர்த்து எழுதியிருக்கலாம். இல்லாவிட்டால், எப்படி எழுதினாலும் பிழையே ஆகாத எழுத்தாக இருக்கலாம். இந்த இரண்டாவது நினைப்பு வந்த ராத்திரி எனக்குத் தூக்கமே போய்விட்டது. அப்புறம், ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு தடவை, சில இடத்தில் மூன்று தடவைகூட வருகிறது. எங்கள் அச்சகத்தில் என்றால் அச்செழுத்துக் கோப்பவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று மிச்சத்தை அடித்துவிடுவேன்.

சரி, சொல்ல வந்தது வேறு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் நியூபோல்டு என்று ஒரு தத்துவப் பேராசிரியர். 1921-ல் விடை கண்டுவிட்டேன் என்றார். எழுதியவர் 13-ம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் துறவி, அறிஞர் ரோஜர் பேக்கனாம். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் உருப்பெருக்கியில் மட்டும் தெரியும் பொடிப்பொடிக் கீற்றுகள் உண்டு, அவைதான் உண்மையான எழுத்தாம். பேக்கன் தொலைநோக்கி வைத்து ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தைப் பார்த்தார் என்பது வரைக்கும் போய்விட்டார். 1926-ல் காலமானார். 1931-ல் அவருடைய நண்பர் ஜான் மேன்லிதான் போட்டு உடைத்தார்: கீற்றும் இல்லை, எழுத்தும் இல்லை, சொரசொரப்பான தோலில் மை காய்ந்து வெடித்த விரிசல். 2009-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் அந்தத் தோலைக் கார்பன் முறையில் சோதித்தபோது 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. பேக்கன் செத்து நூறு வருடத்துக்கு மேல் கழித்துப் பிறந்த கன்று!

நியூபோல்டைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு மருத்துவப் புத்தகம் என் கைக்கு வந்தது. ஒரு பக்கத்தில் 'பல நோய்களுக்கு' என்பதில் ல-வுக்கு மேலே மை தெறித்திருந்தது. நான் அதைப் புள்ளி என்று எடுத்துக்கொண்டேன். 'பல் நோய்களுக்கு' என்று படித்துப் பார்த்தேன், பொருள் கச்சிதமாக உட்கார்ந்தது. மற்ற இடங்களில்தான் கோப்பவர் புள்ளியை விட்டுவிட்டார் என்று முடிவுகட்டி, அடுத்த பதினாறு பக்கத்திலும் ஒன்று விடாமல் புள்ளி வைத்தேன். கல்லீரலுக்கும் மூலத்துக்கும் சொன்ன மருந்தெல்லாம் பல்லுக்கு ஆகிவிட்டது. அச்சேறிய பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கங்கள் சேர்ந்து அச்சான பாரத்தையே திரும்ப அடித்தார்கள், என் சம்பளத்தில் பிடித்தார்கள். உன் அம்மா இன்றைக்கும் எனக்குப் பல்வலி என்றால் சிரிப்பாள்.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியரின் 'பர்ப்பிள்' சங்கேதத்தை உடைத்த அமெரிக்கக் குழுவின் தலைவர் வில்லியம் ஃபிரீட்மன். அவரும் 1944-ல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இந்தச் சுவடியோடு மல்லுக்கட்டினார். யாரோ உட்கார்ந்து செயற்கையாக உண்டாக்கிய மொழி என்பது அவருடைய எண்ணம். ஆனால் நிரூபிக்க முடியவில்லை, ஒரு வரியையும் படித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. எனக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது.

உன் பட்டியலை அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பழக்கம் விடவில்லை. ஏழாவது சொல்லுக்கு 'வேர்' என்று போட்டிருக்கிறாய். செடிப் படத்துக்குப் பக்கத்தில் அது பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே சொல்லை நட்சத்திர வட்டத்துக்குள் ஒரு இடத்தில் பார்த்தேன். குளிக்கும் பெண்களின் பக்கத்தில் ஒரே வரியில் இரண்டு தடவை இருக்கிறது. மூன்றையும் சிவப்பில் வட்டமிட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். அங்கெல்லாம் 'வேர்' என்று வைத்தால் வரி என்ன சொல்கிறது என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அந்த வரியை முழுசாக எனக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா